இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

தடைக்காலம்.
குளச்சலில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.
நூறு பாளம் இறங்கும் ஐஸ் பிளாண்டில்
பத்துப் பாளம்தான், அதுவும் வள்ளக்காரருக்கு.
அன்றைக்கென்று ராத்திரி முழுக்கக் கரண்டும் இல்லை.
ஆனிச் சாரலில் எங்கோ
தென்னமட்டை கம்பியில் விழுந்திருக்கிறது.

விடியுமுன் பிந்துஜா வந்து ஷட்டரைத் தட்டினாள்.
மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பிள்ளை,
ஊர் அருமனைப் பக்கம்.
"எண்ணே, பிரிட்ஜ் சூடாவுது. நாப்பது மருந்து உண்டு.
ஒரு சட்டி ஐஸ் தருவியளா?"

மீனுக்கு உடைக்கிற கட்டையாலேயே உடைத்துக் கொடுத்தேன்.
வாங்கியவள் என் ஐஸை
நேற்றைய தினத்தாளில் சுற்றினாள்,
இரண்டு மடிப்பு, பிறகு யோசித்து மூன்று.
மருந்தில் ஐஸ் முட்டக்கூடாதாம்.
சூடானாலும் போச்சு, உறைந்தாலும் போச்சு,
இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும்.
முப்பத்தோரு வருட வேலையில்
குளிர் கூடிப்போச்சு என்று
யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை.

ஏலக்கூடத்தில் முகாம்.
மீன் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் மேசை.
போன வருடம் போட்டவற்றுக்கு இந்த வருடம் மறு ஊசி.
"போட்டாச்சே பிள்ளே, பிறகு என்னத்துக்கு?"
பெல்லார்மின் கேட்டார்,
சங்கிலியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு.
"ஒடம்புக்கு மறதி உண்டு எண்ணே.
வருசம் ஒருக்க ஓர்மப்படுத்தணும்."
கடன் கொடுத்தவர் மாதிரித்
தலையாட்டிக்கொண்டார் அவர்.

செபஸ்தியாள் பெயின்ட் வாளியில் பூச்சையைக் கொண்டுவந்தாள்.
மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்,
ஒரு ஓட்டையில் ஒரு நகம்.
"பூச்சைக்குப் பேரு?"
"பூச்சை."
அப்படியே எழுதிக்கொண்டாள் பிந்துஜா.
ஊசி ஏறியது அதற்குத் தெரியவே இல்லை.
திரும்ப வாளிக்குள் போடத்தான்
மூன்று பேர் வேண்டியிருந்தது.

பிறகு கம்ப்ரசர்.
எங்கள் பிளாண்ட் நாய்,
மெஷின் சூட்டில் படுத்துப் படுத்து வாங்கிய பேர்.
போன வருடம் என் கெண்டைக்காலைக் கடித்தது.
அதற்கு முன் அதன் வாலில் பாளத்தை இறக்கியவன் நான்.
தப்பு யாருடையது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.
முதல் நாள், மூன்று, ஏழு, இருபத்தெட்டு என்று
சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன்.
நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொன்னார்கள்.
பத்து நாளும் அது என்னைப் பார்த்து வாலாட்டியது.
பத்து நாளும் நான்
அது சாகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பிடிக்க ஆளில்லை.
பிந்துஜா என்னைப் பார்த்தாள்.
பெல்லார்மின் பார்த்தார், அவர் நாயும் பார்த்தது.
வழுக்கும் சிமெண்டில், செதில்களின்மேல்
முழங்கால் போட்டேன்.
கழுத்தைக் கக்கத்தில் வாங்கினேன்.
காதருகே அதன் வாய், கருவாட்டு மூச்சு.
கெண்டைக்கால் தானாகப் பின்னால் போனது.
அதற்கு ஓர்மை இருக்கிறது,
அதற்கு யாரும் மறு ஊசி போடவேண்டியதில்லை.

"முடிஞ்சுது எண்ணே, விடுங்கோ."
நான்தான் விடவில்லை, கொஞ்சநேரம்.

அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில்
ஐஸ் பிளாண்ட் என்று போன வருடத்து எழுத்து.
பேனாவோடு காத்திருந்தாள்.
"அது அப்படியே கிடக்கட்டு" என்றேன்.
போன் நம்பர் மட்டும் என்னுடையதைச் சொன்னேன்,
கடைசி இரண்டு எண்ணைத் தப்பாகச் சொல்லி
திருத்திச் சொன்னேன்.

மூன்று மருந்து மிஞ்சியது. கரண்ட் வந்துவிட்டது.
நனைந்த தாளைப் பிரித்தால்
ஐஸ் பாதிக்கு மேல் கரையாமல்.
அச்செழுத்து கொஞ்சம் அதில் ஒட்டியிருந்தது.
செபஸ்தியாள் கேட்டு வாங்கி
சாளையின்மேல் தட்டினாள்.
அந்த மணத்துக்கு
வாளிக்குள்ளிருந்து கத்தத் தொடங்கியது
பூச்சை என்ற பூச்சை.